அத்தை பையன் மேல் புகார்: நெறிமுறைக் குழுவில் நான் உட்காரலாமா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியின் கல்வி நெறிமுறைக் குழுவில் என்னை மாணவர் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு வரும் புகாரே என் அத்தை பையன் மேல். சீனியரின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் காப்பி அடித்துவிட்டானாம். நான் உட்காரலாமா? இந்தக் குழுவில் என் வேலைதான் என்ன?
- கோபி வாசகி

பதில்: உட்காரக் கூடாது, அம்மணி. நீங்கள் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், அவன் தப்பித்தால் "சொந்தக்காரப் பிள்ளை உள்ளே இருந்துச்சு" என்பார்கள். மாட்டினால் உங்கள் வீட்டு விசேஷங்களில் பத்து வருஷத்துக்கு அந்தப் பேச்சு ஓடும்.

விலகுவதைக் கோப்பைத் திறப்பதற்கு முன்பே, எழுத்தில் செய்யுங்கள். "கூட்டத்தில் இருக்கிறேன், வாய் திறக்க மாட்டேன்" என்பது செல்லாது. அந்தப் புகார் பேசி முடியும்வரை அறைக்கு வெளியே இருக்க வேண்டும். நம் பக்கத்தில் இந்தச் சங்கடம் அடிக்கடி வரும். பங்காளி, மாமன் மச்சான் என்று நோண்டினால் அந்தியூரிலிருந்து தாராபுரம் வரை ஏதாவது ஒரு உறவு வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் விலகினால் குழு நடத்த ஆள் இருக்காது. நெருங்கிய உறவு, அறைத் தோழி, ஒரே ப்ராஜெக்ட் அணி, பழைய சண்டை என்றால் விலகியே ஆக வேண்டும். வெறும் ஊர்க்காரர் என்றால் தலைவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் முடிவெடுக்கட்டும்.

சரி, உங்கள் வேலை என்ன? அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கருத்துத் திருட்டு என்றதும் எல்லோரும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகளை எடுத்துப் போடுகிறார்கள்: மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை, 40 வரை திருத்தித் தர வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்து. அதெல்லாம் முதுகலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கு. அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் ஆகியவற்றை அந்த விதிமுறையே தன் வரையறையிலிருந்து வெளியே வைத்திருக்கிறது. அது சொல்லும் துறைக் குழுவிலும் நிறுவனக் குழுவிலும் மாணவர் உறுப்பினர் என்று ஓர் இடமே கிடையாது. ஆகவே உங்கள் குழுவுக்கு அதிகாரம் உங்கள் கல்லூரி விதிப் புத்தகத்திலிருந்துதான் வருகிறது. அலுவலகத்தில் அதைக் கேட்டு வாங்கி, முதலில் படியுங்கள். தேர்வறையில் பிட் அடித்த விவகாரமெல்லாம் தேர்வுப் பிரிவின் வேலை, உங்களிடம் வராது.

தலைவர் விசாரணையை நடத்துவார், செயலர் புகாரையும் சாட்சியங்களையும் கோப்பாக்குவார். புகார் கொடுத்த ஆசிரியர் தன் தரப்பைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட வேண்டும். மஞ்சள் ஏலத்தில் விலை கேட்கிற வியாபாரியே தராசையும் பிடித்தால் விவசாயி ஒத்துக்கொள்வாரா?

மாணவர் உறுப்பினர் போலீஸும் அல்ல, மாணவர்களுக்கு வக்கீலும் அல்ல. பேராசிரியர்களுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும்: விடுதியில் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பது. நாலு பேர் சேர்ந்து செய்யலாம் என்று வகுப்பில் சொன்னார்களா? பழைய ரிப்போர்ட்டை மாதிரியாகக் கொடுத்ததே துறைதானா? இந்தக் கேள்விகளைக் கேட்கத்தான் நீங்கள்.

சதவீதத்தைப் பார்த்து மிரளாதீர்கள். நான் பார்த்த ஒரு ரிப்போர்ட் நொய்யல் நீரின் தரம் பற்றியது. மென்பொருள் 34 சதவீதம் ஒப்புமை காட்டியது. பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி நூற்பட்டியலும், எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் பரிசோதனை முறையும்தான். அதைத் தள்ளியபின் மிஞ்சியது இரண்டே பக்கம். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில், ஒரத்துப்பாளையம் அணையில் தண்ணீர் மாதிரி எடுத்த தேதி இருந்தது. அந்தத் தேதியில் ரிப்போர்ட்டைக் கொடுத்த பையன் கல்லூரியிலேயே சேரவில்லை! சதவீதம் சொல்லாததை ஒரு தேதி சொன்னது. ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளும் தவறாகக் காட்டுவதுண்டு. அதை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். முந்தைய வரைவுகளைக் கேளுங்கள், எதிரே உட்காரவைத்து இரண்டு பத்தியை விளக்கச் சொல்லுங்கள்.

புகாரும் ஆதாரமும் முன்கூட்டியே அந்த மாணவர் கைக்குப் போயிற்றா, பதில் சொல்ல நேரம் கிடைத்ததா, மேல்முறையீடு யாரிடம் என்று எழுதிக் கொடுத்தார்களா? இதில் ஒன்று குறைந்தாலும் கூட்டத்திலேயே சொல்லி, குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். வயதில் சின்னவர் என்று தயங்க வேண்டாம். அப்புறம், கேட்டது எதுவும் மெஸ் மேசைக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போகக் கூடாது. தீர்ப்பு வந்த பிறகும்தான்.

அத்தை நிச்சயம் போன் செய்வார். "அந்த விசயத்தில் நான் இல்லைங்க அத்தை, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லுங்கள். அது உண்மையாக இருக்கத்தான் கோப்பைப் படிக்க வேண்டாம் என்றேன்.

கடிதம் மூன்று வரி போதும்: "புகாருக்கு உள்ளான மாணவர் என் நெருங்கிய உறவினர். எனவே இந்த விசாரணையிலிருந்து விலகுகிறேன். இது தொடர்பான கோப்பு எதையும் நான் படிக்கவில்லை." தேதி போட்டுத் தலைவரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.