ஊருக்கென்று ஒரு விதி இருக்கும் கதைகள்

கேள்வி: சிற்றூர்களின் விசித்திரமான கதைகளைச் சொல்லும் தமிழ்க் குறும்படங்கள், இணையத் தொடர்களில் எவற்றைப் பார்க்கலாம்? எதை வைத்து அவற்றை நல்லவை என்று சொல்கிறீர்கள்?

பெயர்களை மட்டும் கேட்டிருந்தால் நாலு வரியில் பதில் முடிந்திருக்கும். கேள்வியின் இரண்டாம் பகுதிக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வட்டார வழக்கில் பேசிவிட்டாலோ, ஓட்டு வீட்டையும் கண்மாய்க் கரையையும் காட்டிவிட்டாலோ ஒரு கதை அந்த ஊர்க் கதை ஆகிவிடாது. அந்த ஊரில் எல்லோரும் கட்டுப்பட்டு நடக்கிற ஒரு விதி இருக்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு அது விளங்கக் கூடாது. உள்ளூர்க்காரருக்கு அதை விளக்க வேண்டிய தேவையே தோன்றக் கூடாது. கதையில் நடப்பதெல்லாம் அந்த விதியிலிருந்து கிளம்பி வர வேண்டும். நான் தேடிப் பார்ப்பது இந்த வகையைத்தான்.

முதலில் 'முண்டாசுப்பட்டி'. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' போட்டிக்காக ராம்குமார் இதைக் குறும்படமாக எடுத்தார். 2014இல் அவரே முழுநீளப் படமாக விரித்தார். புகைப்படம் எடுத்துக்கொண்டால் உயிர் போய்விடும் என்று நம்புகிற ஊர். அதனால் அங்கே செத்தவர்களை மட்டுமே படம் எடுப்பார்கள். 1980களில் ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கும் ஓர் இளைஞன் அந்த ஊருக்குள் போகிறான்.

இந்த நம்பிக்கை ஒன்றும் அந்தரத்தில் முளைத்ததில்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொன்ன பாட்டிகள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். மூன்று பேராக நின்று எடுக்கக் கூடாது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால், உயிரோடு இருந்தவரை கேமரா முன்னால் நிற்காத மனிதரை, இறந்த அன்று நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்துப் படம் எடுக்கும் வழக்கமும் தென்மாவட்டங்களில் பரவலாக இருந்தது. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் அப்படி ஒரு படம் இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவுக்குத் தாடைக்கட்டு கட்டி, நெற்றியில் காசு வைத்து, மாலை போட்டிருக்கிறார்கள். பின்னால் மகன்கள், காலடியில் பேரப்பிள்ளைகள். எல்லோரும் கேமராவைப் பார்க்க, ஒரு சிறுமி மட்டும் திரும்பித் தாத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ராம்குமார் இந்த அச்சத்தையும் இந்த வழக்கத்தையும் சேர்த்து ஒரே விதியாக முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகு கதை தானாக ஓடுகிறது. இறந்துபோன ஊர்ப் பெரியவரை எடுத்த படம் பாழாகிவிடுகிறது. திரும்ப எடுக்க வழியில்லை. வேறொரு மனிதரைப் பிடித்துப் பிணம் போல உட்கார வைத்துத்தான் ஆக வேண்டும். அந்த மனிதருக்கோ சினிமா நடிகராகும் ஆசை! ஒரு சிக்கல் அடுத்த சிக்கலைப் பெற்றுப் போடுகிறது. எதுவும் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கப்பட்டதில்லை. வானத்திலிருந்து விழுந்த விண்கல்லை வானமுனி என்று அந்த ஊர் கும்பிடுவதும் அப்படித்தான். கும்பிடுகிறவர்களைப் படம் எங்கும் மட்டம் தட்டவில்லை. அதற்காகவே இதை நான் பலருக்கும் சிபாரிசு செய்திருக்கிறேன்.

'நாளைய இயக்குநர்' பற்றி ஒரு வார்த்தை. பாலாஜி மோகன், கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி எல்லோரும் அந்த மேடையிலிருந்து வந்தவர்கள். 2012, 2013 ஆண்டுகளுக்குள் மூவருடைய முதல் படங்களும் திரைக்கு வந்துவிட்டன. அதே காலத்தில்தான் முழு எச்டி தரத்தில் வீடியோ பிடிக்கும் டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கின. பிலிம் ரோல் செலவு என்ற பெரிய மதில் இடிந்தது. ஆனால் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது அந்தப் படங்களின் நீளம். சில நிமிடங்களில் கதையை முடிக்க வேண்டும் என்றால் இரண்டு விஷயங்களுக்கு இடமில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் அடிவரை போயாக வேண்டும். விநோதமான ஊர் விதிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது.

நீளமான தொடரிலும் இதைச் சாதிக்க முடியும் என்று காட்டியது 'அயலி'. முத்துக்குமார் இயக்கத்தில் 2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வந்தது. மொத்தம் 8 பகுதிகள். 1990 வாக்கில் புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்ற ஊரில் நடக்கும் கதை. பெண் வயதுக்கு வந்துவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்துவிட வேண்டும். அயலி கோயிலுக்குள் அவள் நுழையக் கூடாது. மீறினால் தெய்வக் குற்றம், ஊர் அழியும். பத்தாம் வகுப்பை எட்டிய பெண்ணே அந்த ஊரில் இல்லை. மருத்துவராக வேண்டும் என்று நினைக்கும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததை ஊருக்குச் சொல்லாமல் மறைத்துவிடுகிறாள்.

இந்த ஒரு முடிவுக்குள் எவ்வளவு கதை இருக்கிறது என்று பாருங்கள். பூப்பு என்பது நம் ஊர்களில் ரகசியமே கிடையாது. மாமன் குச்சு கட்டுவார், சீர்த்தட்டு தெருவழியே வரும், பந்தல் போட்டு மஞ்சள் நீராட்டுவார்கள். ஊரே கூடி அறிவிக்கிற ஒன்றை ஒரு பள்ளிச் சிறுமி தனியாக மறைக்க வேண்டும். மாதத்தில் சில நாட்களை யார் கண்ணிலும் படாமல் கடப்பதே துப்பறியும் கதைக்குரிய பதற்றத்தைத் தருகிறது. ஒரு துப்பாக்கியும் தேவைப்படவில்லை. மகளின் ரகசியம் தாய் குருவம்மாளுக்குத் தெரியவரும் கட்டத்தில், தாயாக நடித்த அனுமோளின் முகத்தைப் பாருங்கள். ஊருக்குப் பயந்து வளர்ந்த ஒரு பெண், மகளுக்காகப் பயத்தை ஒவ்வொரு அடியாகத் தாண்டுகிறாள். பிற்பகுதியில் வசனம் சற்று மேடையேறிவிடுகிறது என்பது என் குறை. ஆனால் கோபமாகப் பேச அந்தக் கதைக்கு உரிமை இருக்கிறது.

என் வருத்தம் வேறு. இணையத் தளங்கள் ஊருக்குள் வந்தால் கூடவே கொலையையும் அழைத்துவந்துவிடுகின்றன. 2022இல் வந்த 'சுழல்' மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பின்னணியாக வைத்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசி அமாவாசையன்று நடப்பதை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் வேகம் தெரியும். தொடர் அந்த வேகத்தை அழகாகவே படம் பிடித்தது. ஆனால் திருவிழாவை எடுத்துவிட்டுப் பாருங்கள், குற்றக் கதை ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதே ஆண்டு வந்த 'விலங்கு' இந்த விஷயத்தில் ஒரு படி மேல். திருச்சி வட்டாரத்துக் காவல் நிலையம் ஒன்றின் அன்றாடம், போலீஸ்காரர்களின் அலுப்பு, மேலதிகாரியிடம் குனியும் முதுகு என எல்லாம் அந்த மண்ணோடு ஒட்டியிருக்கிறது. இருந்தாலும் அதுவும் கொலைதான். நம் ஊர்களில் கொலை தவிர வேறு எதுவும் நடப்பதில்லையா?

கொலை இல்லாத தொடர் வேண்டும் என்று காத்திருந்தபோது 2024இல் அமேசான் பிரைமில் 'தலைவெட்டியான் பாளையம்' வந்தது. ஆவலோடு உட்கார்ந்தேன். இயக்கியவர் நாகா, 1990களில் காவல் தெய்வ நம்பிக்கையை வைத்து 'விடாது கருப்பு' எடுத்து ஊரையே தொலைக்காட்சி முன் உட்கார வைத்தவர். நடிகர்கள் நன்றாகச் செய்திருந்தார்கள். ஆனால் அது 2020இல் வந்த இந்தித் தொடரான 'பஞ்சாயத்'தின் மறுஆக்கம். மூலக்கதை உத்தரப் பிரதேச கிராமத்தில் வேர் விட்டது. பொறியியல் படித்த நகரத்துப் பையன் முகம் தெரியாத ஊருக்கு ஊராட்சிச் செயலராக வருவதுதான் அதன் அச்சாணி. நம் மாநிலத்திலோ ஊராட்சிச் செயலர் பெரும்பாலும் அதே வட்டாரத்துக்காரராக இருப்பார். யார் வீட்டுக் குழாய் இணைப்பு எப்போது வந்தது என்பதுவரை அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் சொந்த பந்தத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கும் கதை இங்கே காத்துக்கிடக்கிறது. அதை விட்டுவிட்டுக் கதையைக் கடன் வாங்க வேண்டிய அவசியம் என்ன?

யூடியூபில் கோவையைச் சேர்ந்த 'நக்கலைட்ஸ்' குழுவைக் கட்டாயம் பாருங்கள். கொங்குத் தமிழை கேலிக்குரியதாக்காமல், வீட்டில் பேசுவது போலப் பேச விட்டார்கள். 'அம்மா அலப்பறைகள்' வரிசையில் பெரிய கதை எதுவும் கிடையாது. சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவே நடப்பதுதான் எல்லாம். எந்த ஊர்த் தாயும் அதில் தன்னைக் கண்டுகொள்வார். திரையில் பார்க்கும் வாய்ப்பு வேண்டும் என்றால், 'மறுபக்கம்' அமைப்பு மதுரையில் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறது. பெயர் தெரியாத இயக்குநர்களின் படங்களை நான் அதிகம் நம்புவது இப்படிப்பட்ட விழாக்களில்தான்.

எடுக்கப்படாத கதைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சேலம் மாவட்டம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் வழிபட்டுவந்த சிலை புத்தர் சிலை என்று தொல்லியல் துறை அறிக்கை தந்தது. அதை ஏற்றுச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. நேற்றுவரை முனியப்பனுக்குச் சூடம் காட்டிய ஒருவர் மறுநாள் காலை என்ன செய்வார்? நாலு பகுதித் தொடருக்கு இது போதும்.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூரை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியை என்னால் மறக்கவே முடிவதில்லை. அங்கே 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. நத்தைக்குத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பருவத்தில்தான் தீபாவளி வருகிறது. பறவைகள் மிரளும் என்பதற்காக அந்த ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. அரசு உத்தரவுக்குக் காத்திராமல் ஊர் தானாகப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது.

இந்த ஊருக்கு ஒரு புது மாப்பிள்ளையைத் தலைத் தீபாவளிக்கு அனுப்பிப் பாருங்கள். சிவகாசிக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. கை நிறையப் பட்டாசுப் பெட்டியோடு வந்து இறங்குகிறார். மாமனாருக்கு மாப்பிள்ளை மனம் கோணக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடும் மீறப்படக் கூடாது. மைத்துனப் பொடியன்களுக்குப் பெட்டியின் மேல் கண். சின்ன வயதிலிருந்து ஒரு வெடிகூட வெடிக்காத மனைவிக்கு உள்ளுக்குள் என்ன ஆசை இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. எண்ணெய்க் குளியலிலிருந்து பொழுது சாயும்வரை, ஒரே நாளில் நடக்கும் 20 நிமிடப் படம். வில்லன் தேவையில்லை, அறிவுரை தேவையில்லை.

யாருக்காவது எடுக்கும் எண்ணம் வந்தால் எடுங்கள். இந்த யோசனைக்கு எனக்குப் பெயர்கூடப் போட வேண்டாம். தீபாவளி நாளிலேயே நேரடி ஒலிப்பதிவோடு படம் பிடிக்க முடிகிற அபூர்வமான ஊர் அது. டப்பிங் செய்து அந்த அமைதியைக் கெடுத்துவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் வனத்துறையிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து கண்மாயைக் காட்டும் ஆசையில் டிரோன் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதன் இரைச்சலுக்குக் கூட்டிலிருக்கும் பறவைகள் கலைந்துவிடும்.