ஆறாவது வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. வீட்டுக்காரர் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். மகன் ஒன்பதாவது படிக்கிறான். போன வாரம் டியூஷனில் பக்கத்துத் தெருப் பையன் செல்போனைக் காட்டி, “கண்ட இடத்துல கொல்லுங்கன்னு உங்க குர்ஆன்ல இருக்காமே, நிஜமாடா?” என்று கேட்டிருக்கிறான். இவன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். “இஸ்லாம்னாலே அமைதிதான் தங்கம்” என்றேன். “அதைக் கேட்கலம்மா, அந்த வரி இருக்கா இல்லையா?” என்கிறான். அந்தப் பையனைக் கைக்குழந்தையில் அவன் அம்மாவோடு நானும் தூக்கிப் போய், பள்ளிவாசல் வாசலில் நின்று ஓதி ஊதி வாங்கி வந்திருக்கிறேன். இப்போது பள்ளிக்கூடத்தில் புகார் சொல்வதா, அவனோடு சேராதே என்று தடுப்பதா?
– வாசகி, வில்லாபுரம், மதுரை.

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி.

முதலில் பையனுக்குப் பதில் சொல்லிவிடுவோம். அந்த வரி இருக்கிறது. ஒன்பதாவது அத்தியாயம் அத்தவ்பாவில் ஐந்தாவது வசனம். இல்லை என்று நீங்கள் சொல்லி, நாளைக்கு அவனே தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தான் என்றால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டான். இருக்கிறது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, முதல் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

ஹுதைபிய்யா என்ற இடத்தில் கி.பி. 628-ல் நபிகளாருக்கும் மக்கா குறைஷியருக்கும் பத்து வருடம் சண்டை கிடையாது என்று உடன்படிக்கை ஆனது. குறைஷியரோடு சேர்ந்த ஒரு கூட்டம், முஸ்லிம்களோடு சேர்ந்த குஸாஆ கூட்டத்தைத் தாக்கியதில் அது முறிந்தது. இந்த அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் 631-ல், ஹஜ் நேரத்தில் மக்கள் முன்னால் அறிவிக்கப்பட்டவை. பேச்சு முழுக்க ஒப்பந்தத்தைப் பற்றித்தான். முறித்தவர்களுக்கு நான்கு மாதத் தவணை கொடுக்கிறது. நான்காவது வசனம், ஒப்பந்தத்தில் குறை வைக்காதவர்களை விலக்கி, அவர்களோடு செய்த வாக்கைக் காலம் முடியும்வரை காப்பாற்றச் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் அந்த ஐந்தாவது. ஆறாவது என்ன சொல்கிறது தெரியுமா? அந்த எதிரிகளிலேயே ஒருவன் அடைக்கலம் கேட்டு வந்தால் கொடு, இறைவன் வார்த்தையைக் காதில் போடு, பிறகு அவனுக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்கிறது. மதம் மாறினால்தான் விடுவேன் என்ற நிபந்தனை அதில் இல்லை. பதின்மூன்றாவது வசனத்துக்கு வந்தால், முதலில் தொடங்கியது அவர்கள்தான் என்று காரணமும் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பழைய உரையாசிரியர்களில் சிலர், இந்த ஐந்தாவது வசனம் முன்னால் வந்த சமாதான வசனங்களை நீக்கிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். அதை மறுத்த அறிஞர்களும் அன்றைக்கே உண்டு. நான் மறுத்தவர்கள் பக்கம். “உங்களோடு போரிடுவோரோடு போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள்” என்று இரண்டாவது அத்தியாயத்தில் இருப்பதும் (190), உங்களோடு மதத்துக்காகச் சண்டை போடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் இறைவன் தடுக்கவில்லை என்று அறுபதாவதில் இருப்பதும் (8) நிற்கின்றன. சமாதான வசனங்கள் நீங்கிவிட்டன என்றால், ஒன்பதாவது அத்தியாயத்தின் நான்காவது வசனமும் ஆறாவதும் எதற்கு?

உங்கள் பதில் பையனுக்கு ஏன் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் அதையே சொன்னவள்தான். 1998 பிப்ரவரி 14, கோவையில் குண்டு வெடித்து 58 பேர் இறந்தார்கள். சனிக்கிழமை. அப்போது மதுரையில் ஒரு பள்ளியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். திங்கள் காலை ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. டீ ஊற்றிக்கொண்டிருந்த டீச்சர், டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்: “உங்க ஆளுங்க ஏன் டீச்சர் இப்படிப் பண்றாங்க?” “இஸ்லாம் அப்படிச் சொல்லல” என்று முனகிவிட்டு விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது. இஸ்லாம் எப்படிச் சொல்கிறது என்று கேட்டிருந்தால் அன்றைக்கு விழித்திருப்பேன். டீ ஆறிப்போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு உட்கார்ந்து படித்தேன். ஐந்தாவது அத்தியாயத்தில் ஆதமின் இரண்டு பிள்ளைகள் கதை முடிகிற இடத்தில், ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனிதர் எல்லாரையும் கொன்றவன் போல, ஓர் உயிரை வாழவைத்தவன் எல்லாரையும் வாழவைத்தவன் போல என்று வருகிறது (32). ஒரு போர்க்களத்தில் பெண் ஒருத்தி கொல்லப்பட்டுக் கிடந்ததைக் கண்ட பிறகு நபிகளார் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக்கூடாது என்று தடுத்தார். முதல் கலீஃபா அபூபக்ர் சிரியாவுக்குப் படை அனுப்பும்போது தளபதியோடு நடந்து போய்ச் சொல்லியனுப்பியதில், முதியவரைக் கொல்லாதே, காய்க்கிற மரத்தை வெட்டாதே, சாப்பிட அல்லாமல் ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்காதே, மடங்களில் இருக்கும் துறவிகளை விட்டுவிடு என்றெல்லாம் இருக்கிறது. போருக்கே இத்தனை வேலி. டியூஷன் முடிந்து பிள்ளைகள் வரும் தெருவிலும் மார்க்கெட்டிலும் குண்டு வைப்பவனுக்கு இதில் எங்கே இடம்? ஆட்சிப் பொறுப்பு இல்லாத நாலு பேர் ஒரு அறையில் கூடி யுத்தம் அறிவிக்க ஃபிக்ஹு என்கிற மார்க்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வழியில் போகும் மக்களைப் பயமுறுத்திக் கொல்வதற்கு அதில் ‘ஹிராபா’ என்று பெயர், தண்டனையும் கடுமையானது. ஒப்பந்தத்தில் சேர்ந்து வாழ்கிற மாற்று மதத்தவரைக் கொன்றவன் சொர்க்கத்தின் வாடையைக்கூட நுகரமாட்டான் என்பது புகாரி தொகுப்பில் உள்ள ஹதீஸ், அதாவது நபிமொழி.

சரி, அப்படியானால் குர்ஆன் வசனத்தைச் சொல்லிக்கொண்டே கொல்கிறவர்கள் யார் என்று பையன் கேட்பான். கேட்கவேண்டும். அவனுக்கு கவாரிஜ் கதையைச் சொல்லுங்கள். நான்காவது கலீஃபா அலீ காலத்துக் கூட்டம். தொழுகையும் நோன்பும் அப்படிப் பிடிப்பு. வரலாற்று நூல்களில் ஒரு சம்பவம் உண்டு. நபித்தோழர் ஒருவரின் மகனைக் கர்ப்பிணி மனைவியோடு பிடித்து வருகிறார்கள். வழியில் மரத்திலிருந்து விழுந்த பேரீச்சம்பழத்தை ஒருவன் எடுத்து வாயில் போடுகிறான். காசு கொடுக்காமல், கேட்காமல் தின்பதா என்று இன்னொருவன் அதட்ட, அவன் துப்பிவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கணவனையும் மனைவியையும் அதே கைகள் வெட்டிக் கொல்கின்றன. கடைசியில் 661-ல் அலீயையும் அவர்களில் ஒருவன்தான் கூஃபா பள்ளிவாசலில் வெட்டினான். ஒரு பழத்துக்கு அஞ்சியவனுக்கு உயிர் கண்ணில் படவில்லை. இந்த நோய் நம் வீட்டுக்குள்ளேயே பிறந்தது, வெளியிலிருந்து வந்ததில்லை. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எதிர்த்ததும் வீட்டுக்குள்ளிருந்துதான். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிச் செத்த ஒன்பது பேரின் உடல்களைத் தங்கள் மையவாடியில், அதாவது அடக்கத்தலத்தில், அடக்க அங்குள்ள முஸ்லிம் நிர்வாகம் மறுத்துவிட்டது. மையித்துக்கு மண் கொடுப்பது நம்மிடம் எவ்வளவு பெரிய கடமை என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த உடல்கள் ஒரு வருடத்துக்கு மேல் பிணவறையில் கிடந்தன. அதே வருடம் பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தின் தேவ்பந்தில் நாடு முழுவதுமிருந்து உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) கூடிப் பயங்கரவாதத்தைக் கண்டித்தார்கள். ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் தலைவனுக்கு 2014-ல் நூறுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கடிதம் எழுதி, நீ செய்வது எதுவும் மார்க்கத்தில் இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் ஒன்று. இதையெல்லாம் உங்கள் மகன் வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாரோ எங்கோ கொன்றதற்கு ஒன்பதாவது படிக்கிற பிள்ளை மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. அவன் தெரிந்துகொள்ளவேண்டியது அவனுக்காக. அந்தப் பையன் கையில் இருந்த ஸ்க்ரீன்ஷாட்டை நினைத்துப் பாருங்கள். ஐந்தாவது வசனத்தில் பாதியை வெட்டி, ‘இவர்கள் இப்படித்தான்’ என்று ஒருத்தன் அனுப்புகிறான். அதே பாதியை வெட்டி, ‘நீ இப்படித்தான் இருக்கணும்’ என்று இன்னொருத்தன் அனுப்புவான், உங்கள் மகனுடைய வாட்ஸ்அப்புக்கு, ராத்திரி பதினொரு மணிக்கு, கோபமூட்டும் வீடியோவோடு. கத்தரி ஒன்றுதான். முழுப் பக்கத்தைப் பார்த்த பிள்ளை இரண்டு பேரிடமும் ஏமாறமாட்டான்.

பள்ளிக்கூடத்துக்குப் போகாதீர்கள். அந்தப் பையன் வசை பாடவில்லை, “நிஜமாடா?” என்று நண்பனிடம் கேட்டிருக்கிறான். என்னிடம் டீயைத் தள்ளிவிட்டுக் கேட்ட டீச்சரைப் போலத்தான். அவனை விலக்கினால், அடுத்த சந்தேகத்தை அவன் செல்போனிடம் மட்டும்தான் கேட்பான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அவன் அம்மாவையும்தான். குர்ஆன் தமிழாக்கம் அடிக்குறிப்போடு உள்ளதாக இருந்தால் நல்லது. வீட்டில் இல்லாவிட்டால் காஜிமார் தெருப் பக்கம் போனால் கிடைக்கும். உங்களுக்குப் புரியாத இடம் வந்தால் ‘தெரியலப்பா, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்லுங்கள், கௌரவக் குறைச்சல் இல்லை. முதல் ஐந்து வசனங்களை உங்கள் மகன் வாசிக்கட்டும். ஆறாவதை அந்தப் பையனிடம் கொடுங்கள். ஆனால் இருவரும் முதலில் சாப்பிட்டு முடிக்கட்டும்.