குளத்து வண்டலும் காந்த ஊசியும்

கேள்வி: போன கோடையில எங்க ஊர்க் குளத்துல வண்டல் அள்ளித் தென்னந்தோப்புக்குப் போட்டோமுங்க. ஏரிச் சேத்தை வெச்சே அந்தக் காலத்துல பூமியோட காந்தம் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு சொல்லிடுவாங்கன்னு காலேஜ்ல படிக்கற பொண்ணு சொல்றா. சேத்துல காந்தம் ஏதுங்க? நம்ம குளத்துலயும் பாக்க முடியுமா?
- வாசகர், காங்கேயம்

பதில்: பொண்ணு சொல்றது சரிதானுங்க. மிச்ச வண்டலைக் காயவெச்சுப் பொடிச்சு, காகிதம் சுத்துன காந்தத்தை மேல இழுத்துப் பாருங்க. மீசை மொளைச்ச மாதிரி கருந்துகள் ஒட்டும். பள்ளிக்கூட லேப்ல இருந்தப்ப பசங்களுக்கு நான் முதல்ல காட்டறது இதைத்தான். பெரும்பாலும் அது மேக்னடைட், சேலம் கஞ்சமலையில பாறையாவே கிடக்கற இரும்புத் தாது. அதுல ரொம்பப் பொடியான துகள், ஆடாத தண்ணியில மெல்ல இறங்கறப்ப, பூமிக் காந்தம் அன்னைக்கு இழுக்கற பக்கமாத் திரும்பும். எல்லாமே திரும்பாது, ஆனா அந்தப் பக்கம் சாய்ஞ்சது கொஞ்சம் கூடுதலா இருக்கும். மேல மேல மண்ணு படிஞ்சு அமுக்க, அப்படியே இறுகிக்கும்.

இதுக்கு ஏன் இத்தனை பாடுன்னா, வடக்கு நிலையா நிக்கறதில்லை. லண்டன்ல 1580-ல காந்த ஊசி நேர்வடக்குக்குச் சுமார் 11 டிகிரி கிழக்கே காட்டுச்சு. 1820 வாக்குல 24 டிகிரி மேற்கே போயிருந்துச்சு. ரொம்பப் பழைய காலத்துக்கு இப்படி அளந்து எழுதிவெச்ச கணக்கு கிடையாது. இங்கிலாந்து விண்டர்மியர் ஏரியோட அடிமண்ணுல இந்த ஆட்டம் ஆயிரக்கணக்கான வருஷமா நடந்ததை 1971-ல ஜான் மெக்கரெத் எழுதினாரு. காத்தழுத்தத்துல 6 மீட்டர் குழாயை இறக்கி மண்ணை உருவற கருவியும் அவரு செஞ்சதுதான்.

உருவின மண்ணை நெடுக்கப் பிளந்து, அம்புக்குறி போட்ட சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பியை வரிசையா அமுக்கி எடுப்பாங்க. குறி மாறுச்சுன்னா அத்தனையும் வீண். அப்புறம், பின்னாள்ல ஒட்டுன காந்தத்தைக் கழிச்சுட்டு அளப்பாங்க. மண்ணோட வயசை, அதுல மக்கிக் கிடக்கற செடிகொடியில மிச்சமிருக்கற கார்பன்-14 அளவை வெச்சுக் கணக்குப் போடுவாங்க. திசை இப்படிக் கிடைச்சுடும். அன்னைக்குப் பூமிக் காந்தத்தோட பலம் எவ்வளவுங்கறதுதான் சிக்கல், எந்த வருஷம் எத்தனை துகள் வந்து சேர்ந்துச்சுங்கறதும் அதுல கலந்துக்கும்.

உங்க குளம் கோடையானா வெடிக்குது, மாடு மிதிக்குது, போதாததுக்கு நீங்களே டிராக்டரை உள்ள விட்டிருக்கீங்க! கலைஞ்ச மண்ணுல திசை மிஞ்சாதுங்க. தென்னைக்கு ஆகும், இதுக்கு ஆகாது.

நம்ம சீமையில தேடச் சொன்னா நான் சுட்ட மண்ணைத்தான் தேடுவேன். மேக்னடைட்டை ஏறக்குறைய 580 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடாக்கினா பழைய காந்தம் அழிஞ்சுடும். ஆறறப்ப அன்னைக்கு இருக்கற திசையைப் பிடிச்சுக்கும். நொய்யல் கரையில கொடுமணல்ல இரும்பு உருக்குன உலைகள் அகழாய்வுல கிடைச்சிருக்கு இல்லீங்களா, அந்த மாதிரி கட்டின இடத்துலயே அசையாம நிக்கற உலைச்சுவரு திசையும் சொல்லும், லேப்ல திரும்பச் சூடாக்கி ஒப்பிட்டா பலமும் சொல்லும். பெயர்த்தெடுக்கறதுக்கு முந்தியே வடக்கைக் குறிச்சுக்கணும். கீழ விழுந்து கிடக்கற துண்டுல பலம் மட்டும்தான் பாக்கலாம்.