என் கணினியில் மட்டும் ஏன் ஓடவில்லை?

கேள்வி: எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும். இதுவரை இண்டெக்ஸ் கோப்பை டபுள் கிளிக் செய்து பிரவுசரில் பார்த்தே பழகிவிட்டேன். இப்போது ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறேன். அவர்கள் கொடுத்த ரியாக்ட் புராஜெக்ட்டை இறக்கி, சொன்ன கமாண்டை எல்லாம் அடித்தும் சிவப்பு சிவப்பாக எரர்தான் வருகிறது. அதே கோட் மற்றவர்களுக்கு ஓடுகிறது. எதை எந்த வரிசையில் நிறுவ வேண்டும்?

பதில்: நிறுவ வேண்டியது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு எடிட்டர், கிட் (கோடின் மாற்றங்களைப் பதிவு செய்து பகிரும் கருவி), நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவது), ஒரு பிரவுசர், அவ்வளவுதான். மற்றதெல்லாம் புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே வந்து இறங்க வேண்டும். "இதையும் குளோபலாகப் போட்டுக்கொள்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். குளோபலாக, அதாவது புராஜெக்ட்டுக்கு வெளியே, போட்டது உங்கள் கணினியில் மட்டும் இருக்கும், குழுவில் வேறு யாருக்கும் இருக்காது, பிரச்சினை அங்கேதான் தொடங்கும்.

டபுள் கிளிக் ஏன் இனி உதவாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்படித் திறந்தால் முகவரி 'ஃபைல்' என்று தொடங்கும். அந்த முகவரியில் இருக்கும் பக்கம் இன்னொரு கோப்பை மாட்யூலாக இம்போர்ட் செய்யப் பார்த்தால் பாதுகாப்புக் காரணத்துக்காக பிரவுசர் விடாது, கன்சோலில் கோர்ஸ் எரர் (வேறு இடத்தில் இருப்பதை எடுக்க பிரவுசர் போடும் தடை) வரும். அதுபோக, ரியாக்டில் எழுதும் ஜேஎஸ்எக்ஸ் (ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் எச்டிஎம்எல் போல எழுதும் முறை) பிரவுசருக்கு நேரடியாகப் புரியாது, நடுவில் யாராவது மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைத்தான் வீட் போன்ற டெவ் சர்வர் (எழுதும்போது உங்கள் கணினியிலேயே ஓடும் சிறு சர்வர்) செய்கிறது. பில்ட் (கோடை பிரவுசருக்கு ஏற்ப மாற்றித் தொகுப்பது) எதுவும் இல்லாத எளிய தளம் என்றால் வீட் கூட வேண்டாம், பைத்தான் 3 இருந்தால் அதிலேயே ஒற்றை வரியில் ஒரு சர்வரை எழுப்பிவிடலாம், அது 8000 போர்ட்டில் வந்து நிற்கும்.

சரி, உங்கள் எரருக்கு வருவோம். அதைப் பார்க்காமலே பந்தயம் கட்டச் சொன்னால் நோட் வெர்ஷன் மீதுதான் கட்டுவேன்.

நோட் தளத்துக்குப் போய் இன்ஸ்டாலரை இறக்கினால் அன்றைக்குப் புதிதாக இருக்கும் வெர்ஷன் கிடைக்கும். உங்கள் புராஜெக்ட் மூன்று வருடத்துக்கு முன் எழுதியதாக இருக்கலாம். எல்லோரும் முட்டிக்கொள்ளும் உதாரணம் ஒன்று உண்டு. கோடைத் தொகுத்துக் கொடுக்கும் வெப்பேக் என்ற கருவியின் 4-ஆம் வெர்ஷன், கோப்புகளை அடையாளம் காண எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறையைப் பயன்படுத்தியது. நோட் 17 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் 3-ஆம் வெர்ஷன் உள்ளே வந்தது, அதில் எம்டி4 இயல்பாகக் கிடைக்காது. விளைவு, கோடில் ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றாமலே, நேற்று வரை ஓடிய புராஜெக்ட் புதுக் கணினியில் 'ஓஎஸ்எஸ்எல்' என்ற எழுத்துகளோடு ஒரு எரரைக் காட்டிப் படுத்துவிடும். தேடினால் பழைய முறையைத் திரும்ப இயக்கும் ஒரு ஃபிளாக்கைச் சேர்க்கச் சொல்வார்கள். அன்றைய நாளை ஓட்டப் போதும், ஆனால் அது ஒட்டுப்போடும் வேலை.

அதனால் நோட்டை இன்ஸ்டாலர் வழியாகப் போடாதீர்கள், ஒரு வெர்ஷன் மேனேஜர் (பல நோட் வெர்ஷன்களை வைத்து மாற்றிக்கொள்ள உதவும் கருவி) வழியாகப் போடுங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் என்விஎம் பிரபலம். விண்டோஸில் அதே பெயரைத் தாங்கி வருவது வேறொரு திட்டம், நடத்தையும் கொஞ்சம் வேறு. குழுவில் எல்லா வகைக் கணினியும் இருந்தால் மூன்றிலும் ஓடும் எஃப்என்எம்மை நான் பரிந்துரைப்பேன். புராஜெக்ட்டின் மேல்மட்ட ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் 'என்விஎம்ஆர்சி' என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள், அதற்குள் ஒரே ஒரு எண் இருக்கும். இல்லையென்றால் பேக்கேஜ் ஜேசனில் (புராஜெக்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதியிருக்கும் கோப்பு) 'என்ஜின்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். அங்கேயும் இல்லையா? ஓடுகிறது என்று சொன்ன நண்பரிடமே அவருடைய நோட் வெர்ஷனைக் கேட்டு, அந்த என்விஎம்ஆர்சி கோப்பை நீங்களே எழுதிச் சேர்த்துவிடுங்கள். குழுவில் உங்கள் முதல் பங்களிப்பு அதுவாகவே இருக்கட்டும். புதிதாகத் தொடங்கும் புராஜெக்ட் என்றால் 22, 24 போல நீண்ட கால ஆதரவு உள்ள இரட்டைப்படை வெர்ஷன்களில் அப்போது ஆதரவில் இருப்பதை எடுங்கள்.

அடுத்த சந்தேகம் பேக்கேஜ் மேனேஜர், அதாவது புராஜெக்ட்டுக்குத் தேவையான பிறர் எழுதிய கோடை (பேக்கேஜ்களை) இறக்கும் கருவி. நிறுவும் முன் லாக் கோப்பின் (எந்த பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று குறித்து வைத்திருக்கும் கோப்பு) பெயரைப் பாருங்கள்: பேக்கேஜ்-லாக் என்றால் என்பிஎம், யார்ன் லாக் என்றால் யார்ன், பிஎன்பிஎம் லாக் என்றால் பிஎன்பிஎம். யார்ன் புராஜெக்ட்டில் என்பிஎம் இன்ஸ்டால் அடித்தால் பேக்கேஜ்களின் வேறு வெர்ஷன்கள் இறங்கிவிடலாம், எரர் வராமலே எங்கோ ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யாமல் போகும். என்பிஎம் என்றால் 'இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' அடியுங்கள். அது பேக்கேஜ்கள் இறங்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை முழுக்கத் துடைத்துவிட்டு லாக் கோப்பில் எழுதியிருப்பதை அப்படியே இறக்கும், பேக்கேஜ் ஜேசனும் லாக் கோப்பும் ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடும். நிற்பதுதான் நல்லது. எரர் வந்ததும் 'ஃபோர்ஸ்' சேர்ப்பதும், அனுமதி இல்லை என்றதும் முன்னால் 'சூடோ' (கணினி நிர்வாகியான ரூட்டாக ஓட்டும் கமாண்ட்) சேர்ப்பதும் கை தானாகச் செய்யும் பழக்கங்கள், இரண்டையும் விட்டுவிடுங்கள். சூடோவோடு ஒருமுறை நிறுவினால் சில கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், அப்புறம் ஒவ்வொரு தடவையும் சூடோ கேட்கும்.

எல்லாம் இறங்கி சர்வரும் எழுந்துவிட்டது, ஆனால் பக்கம் வெள்ளையாக நிற்கிறது என்றால், அநேகமாக என்வ் கோப்பு (புராஜெக்ட்டின் அமைப்பு மதிப்புகளை வைத்திருப்பது) இல்லை. ரகசியங்கள் இருக்கும் என்பதால் அதை கிட்டில் சேர்க்க மாட்டார்கள், 'எக்ஸாம்பிள்' என்று முடியும் ஒரு மாதிரிக் கோப்பைத்தான் வைத்திருப்பார்கள். அதை நகலெடுத்துப் பெயர் மாற்றி மதிப்புகளை நிரப்புங்கள், சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: வீட் டெவ் சர்வரைப் பயன்படுத்தும் புராஜெக்ட்டில் 'வீட்' என்ற முன்னொட்டோடு தொடங்கும் மாறிகளை உங்கள் கோட் எங்கே பயன்படுத்தினாலும், அவற்றின் மதிப்பு பில்ட்டுக்குள் அப்படியே போய்விடும். தளத்தைத் திறக்கும் யாரும் அதைப் படிக்கலாம். ஏபிஐ (பக்கத்துக்குத் தரவு கொடுக்கும் சர்வர்) ரகசியச் சாவியை அங்கே வைக்காதீர்கள்.

அப்புறம் ஏபிஐ. உங்கள் பக்கம் லோக்கல்ஹோஸ்ட் 5173-இல், ஏபிஐ அதே கணினியில் 8080-இல் என்றாலும், போர்ட் வேறு என்பதால் பிரவுசருக்கு அவை இரண்டும் வேறு வேறு தளங்கள். திரும்பவும் கோர்ஸ் எரர். இதற்கென்று பிரவுசரின் பாதுகாப்பையே அணைக்கும் எக்ஸ்டென்ஷன்களைப் போடாமல், வீட் கான்ஃபிக்கில் ப்ராக்ஸியை (ஏபிஐ கோரிக்கைகளை டெவ் சர்வரே வாங்கி அனுப்பும் ஏற்பாடு) அமையுங்கள், நாலு வரிதான்.

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) பயன்படுத்தினால் புராஜெக்ட்டை லினக்ஸ் பக்கத்து ஃபோல்டரில் வையுங்கள். சி டிரைவில் வைத்தால் எல்லாம் ஆமை வேகம், கோப்பைச் சேமித்தாலும் பக்கம் தானாக மாறாது.

நான் அரை நாள் தொலைத்த ஒன்றையும் சொல்கிறேன். கோப்பின் பெயர் பெரிய 'எச்'சில் தொடங்கும் 'ஹெடர்', நான் இம்போர்ட் செய்தது சிறிய 'எச்'சில். என் மேக்கில் அருமையாக ஓடியது. பில்ட் சர்வர் லினக்ஸ், அங்கே 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்றது. நான் கோப்பைத் திறந்து பார்க்கிறேன், கண்ணெதிரே இருக்கிறது! மேக்கும் விண்டோஸும் இயல்பாகப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். உங்கள் குழுவில் 'எனக்கு ஓடுகிறது' என்பவர் மேக்கில் இருந்து, நீங்கள் லினக்ஸில் இருந்தால் இதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் நின்றால், உங்கள் நோட் வெர்ஷன், லாக் கோப்பின் பெயர், எரரின் முதல் இருபது வரி, மூன்றையும் அனுப்புங்கள். கடைசி வரி 'தோற்றுவிட்டது' என்று மட்டும்தான் சொல்லும், காரணம் பெரும்பாலும் மேலே எங்கோ புதைந்திருக்கும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாக.