பின் வரிசைக்குப் போனவர்

கேள்வி: வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். வாரம் ஒரு வரலாற்று மனிதரைப் பற்றி ஒரு பக்கம் வாசித்துவிட்டுக் கலந்துரையாடுவது வழக்கம். பிறந்த வருடம், இறந்த வருடம், சாதனை எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் வகுப்பே அடங்கிவிடுகிறது. கொலம்பஸ் பாடத்தன்று மட்டும் ஒருவர், ‘ஹி நாட் குட் மேன், மை கிராண்ட்ஃபாதர் சே’ என்றார். ‘ஹி வாஸ் நாட் எ குட் மேன்’ என்று திருத்தினேன். வாக்குவாதம் கிளம்பிவிடுமோ என்று உடனே அடுத்தவரிடம் போய்விட்டேன். முதல் வரிசையில் இருந்த அவர் இப்போது பின்னால் போய் உட்கார்கிறார், அது வேறு விஷயம். இவர்களைப் பேசவைக்க நல்ல தலைப்புகள், விளையாட்டுகள் சொல்லுங்களேன்.
— ஓர் ஆசிரியை

பதில்: ‘அது வேறு விஷயம்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், டீச்சர். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி அதுதான்.

கூச்சம்தான் காரணம், போகப்போகப் பேசிவிடுவார்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். இந்தக் குறையை எத்தனையோ ஆசிரியர்கள் எனக்கு எழுதிவிட்டார்கள். அநேகமாக எல்லாக் கடிதத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். ஒரு தடவை வாயைத் திறந்திருப்பார், அப்புறம் திறந்திருக்க மாட்டார்.

அவர் சொன்னதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கொலம்பஸைப் பற்றித் தன் கருத்தைச் சொன்னார். அது எங்கிருந்து வந்தது என்பதையும் கூடவே சொன்னார். நீங்கள் வாராவாரம் கேட்டுக் கிடைக்காமல் தவித்தது இதைத்தானே? கிடைத்தபோது உங்கள் காதில் விழுந்தது விட்டுப்போன ஒரு ‘வாஸ்’ மட்டும். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கருத்துச் சொன்னால் திருத்து விழும், வருடத்தைச் சொன்னால் பாராட்டு கிடைக்கும் என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். அவர்கள் ஒப்பிப்பதில் என்ன ஆச்சரியம்?

நீங்கள் கொடுத்த பக்கத்தில் கொலம்பஸ் அமெரிக்கப் பக்கம் போய்ச் சேர்ந்த 1492 இருந்திருக்கும். 1500 இருந்ததா? கரீபியன் கடலிலுள்ள ஹிஸ்பானியோலா தீவில் கொலம்பஸ் நடத்திய ஆட்சியைப் பற்றிப் புகார்கள் போய், அவற்றை விசாரிக்க ஸ்பெயின் அரசு பொபடில்லா என்ற அதிகாரியை அனுப்பியது. அவர் கொலம்பஸைக் கைது செய்து, விலங்கு மாட்டி ஸ்பெயினுக்குக் கப்பலேற்றினார். அரசரும் அரசியும் பிறகு விடுவித்தார்கள், ஆனால் ஆளுநர் பதவியைத் திருப்பித் தரவில்லை. அந்த மனிதர் நல்லவரா என்ற வழக்கு அவர் உயிரோடு இருந்தபோதே தொடங்கிவிட்டது. ஐந்நூறு வருடமாக நடக்கும் வாக்குவாதம் உங்கள் வகுப்புக்குள் வந்தால் என்ன கெட்டுவிடும் என்று பயந்தீர்கள்?

நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, வீட்டில் யாரையோ காத்திருக்க வைத்துவிட்டு வருகிற ஒருவர், தன் தாத்தாவின் வார்த்தையை இன்னும் பழகாத மொழியில் எடுத்துவைத்திருக்கிறார். நம்மில் பலருக்கு வரலாறு முதலில் வந்தது வீட்டுப் பெரியவர்களின் வாய்வழியாகத்தான். பெரியவர் சொன்னார் என்பதற்காகவே அது உண்மையாகிவிடாது, அதைச் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முழுதாகக் கேட்காமலே தள்ளிவிட்டுப் போக ஆசிரியருக்கு உரிமை கிடையாது. வாக்குவாதமே கூடாது என்று பிள்ளைகளை அடக்கி வளர்த்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே சண்டை இருக்காது. வளர்ந்தபிறகு அந்தப் பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தைக்கூட அந்த வீட்டில் சொல்ல மாட்டார்கள். எதிர்த்துப் பேசினாலும் இங்கே நமக்கு இடம் உண்டு என்ற நம்பிக்கையைக் கொடுப்பது பெற்றோரின் கடமை. வகுப்பில் அந்தக் கடமை உங்களுடையது.

சரி, பாடத்துக்கு வருகிறேன். வரலாற்று மனிதர்களைச் சொல்லும்போது வரும் ‘இன்ஃப்ளுயன்ஷியல்’ என்ற சொல்லை அவர்கள் எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ‘மகான்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மகானைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால் புகழ்வதைத் தவிர வேறு என்ன செய்வார்கள்? நல்லதோ கெட்டதோ, பிறர் வாழ்க்கையை மாற்றிவிட்டுப் போனவர் என்பதை முதலில் சொல்லிக்கொடுங்கள். அதற்கு ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபரைப் போல உதவுகிறவர்கள் குறைவு. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் வழியை 1909-இல் செய்துகாட்டியவர் அவர். அதிலிருந்து வந்த உரத்தால் கோடிக்கணக்கானவர்களுக்குச் சாப்பாடு கிடைக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1915-இல், பெல்ஜியத்தின் ஈப்ரு போர்க்களத்தில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டதை முன்னின்று நடத்தியவரும் அவரே. வேதியியலுக்கான 1918-ஆம் ஆண்டு நோபல் பரிசும் அவருக்குத்தான்.

இவரைப் பற்றியும் ‘என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி மிகப் பெரியது, தாய்மொழியிலேயே பலரைத் திணறவைக்கும். முடிவு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள்: ஒரு பள்ளிக்கு இவர் பெயரை வைக்கலாமா, கூடாதா? முதலில் இரண்டிரண்டு பேராகப் பேசட்டும், எல்லோர் முன்னாலும் அப்புறம் பேசலாம். புதிதாகக் கற்பவருக்கு ‘பிகாஸ்’ ஒன்று போதும். கொஞ்சம் தேறியவருக்கு ‘ஆல்தோ ஹி...’ என்ற தொடக்கத்தைக் கொடுங்கள், உரத்தையும் வாயுவையும் ஒரே வாக்கியத்தில் வைக்க அது தேவைப்படும். இன்னும் தேறியவர் ‘இஃப் ஹி ஹேட் நாட்...’ என்று முயன்று பார்க்கட்டும். அவர்கள் பேசும்போது நீங்கள் குறுக்கே போகாதீர்கள். பிழைகளை நோட்டில் குறித்துவைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் யார் பெயரும் சொல்லாமல் பலகையில் எழுதித் திருத்துங்கள்.

விளையாட்டு கேட்டிருந்தீர்கள். அதெல்லாம் இப்போது வேண்டாம், அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது.

அடுத்த வகுப்பில், எல்லோரும் கேட்கும்படி, அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேளுங்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது போதாது, தவறு எல்லோர் முன்னாலும் நடந்தது. கேட்டுவிட்டு, அவருடைய தாத்தா கொலம்பஸைப் பற்றி என்ன சொன்னார் என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் ‘வாஸ்’ போடாமலே பேசி முடிக்கட்டும்.