கனடாவுக்கு 6 கன மீட்டர் சாமான்: அனுப்புவதா, விற்பதா?

கேள்வி: கோவையில் இருக்கிறோம். கணவன், மனைவி, 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கனடா பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கிடைத்து ஜூலையில் டொரன்டோ போகிறோம். வீட்டைப் பார்த்துவிட்டுப் போன பேக்கர்ஸ் நிறுவனம், மொத்தம் 6 கன மீட்டர் வரும், கப்பலில் வீட்டுக்கு வீடு 2,40,000 ரூபாய் என்கிறது. தேக்குக் கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின், கிரைண்டர், மிக்ஸி, பாத்திரங்கள், புத்தகங்கள், பாட்டியின் குத்துவிளக்கு எல்லாம் இதில் அடக்கம். “அங்கே எல்லாத்தையும் டாலர்ல வாங்கணும், எடுத்துக்கிட்டே போயிடுங்க” என்கிறார் மாமனார். என்ன செய்யலாம்?

பதில்: ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். 2,40,000 ரூபாயை 6,000 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 40 ரூபாய். கையில் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 1,000-ஆல் வகுத்து, 40-ஆல் பெருக்குங்கள். அந்தப் பொருள் டொரன்டோ போய்ச் சேர நீங்கள் கொடுக்கும் டிக்கெட் விலை தெரிந்துவிடும்.

ஒரு தலையணை 65×45×15 செ.மீ. என்றால் 44 லிட்டர், கிட்டத்தட்ட 1,750 ரூபாய். நான்கு தலையணைக்கு 7,000. கட்டிலைப் பிரித்து மரச்சட்டத்துக்குள் அடுக்கினால் 210×165×20 செ.மீ. ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 693 லிட்டர், 27,720 ரூபாய். அங்கே கிடைக்கும் குயின் சைஸ் மெத்தையின் நீளம் 80 அங்குலம். நம் ஊர் 6¼ அடிக் கட்டில் 75 அங்குலம்தான். நாளைக்கு மெத்தை மாற்றினால் 5 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டிலை விற்றுவிடுங்கள். மாமனார் ஆசையாகச் செய்துகொடுத்தது என்றால் அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

அதே கணக்கில் புத்தகம் வேறு கதை. 45×30×30 செ.மீ. அட்டைப் பெட்டியில் 25 கிலோ புத்தகம் போகும். கப்பல் கட்டணம் 1,620 ரூபாய்தான். பிறரோடு கன்டெய்னரைப் பகிரும் எல்.சி.எல். முறையில் ஒரு கன மீட்டர் அல்லது 1,000 கிலோ, இதில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். வீட்டுச் சாமான் அந்த எடையைத் தொடுவதே இல்லை. ஆகவே இடத்துக்குத்தான் காசு, எடைக்கு அல்ல. கூரியரிலும் ஏர் கார்கோவிலும் நிஜ எடை, கொள்ளளவு எடை இரண்டில் பெரியதைப் பிடிப்பார்கள். கூரியரில் கன சென்டிமீட்டரைப் பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார்கள். ஒரு கிலோ தலையணைக்கு 8.8 கிலோ காசு கேட்பது இதனால்தான். கனமாகவும் சின்னதாகவும் இருப்பதே கப்பலுக்குக் கட்டுப்படியாகும்.

மின்சாரச் சாமான்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 750 வாட் மிக்ஸியை ஓட்ட 1,500 வாட்டாவது தாங்கும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் எடை மிக்ஸியைவிட அதிகம் இருக்கும். கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். வோல்டேஜைச் சரிசெய்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது, கல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், மாவு சூடேறும். அந்த ஊர் வோல்டேஜுக்கான மிக்ஸியும் கிரைண்டரும் அங்கேயே இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன. டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்து வாடகை வீடுகளில் ஃபிரிட்ஜும் அடுப்பும் பொதுவாக வீட்டோடு வரும். பல அடுக்குமாடிகளில் தனி வாஷிங் மெஷின் வைக்கவே விடமாட்டார்கள். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் எடுத்துப் போகலாம்.

பாத்திரத்திலும் ஒன்று கவனியுங்கள். அங்குள்ள அடுப்பு பெரும்பாலும் மின்சாரச் சுருள் அல்லது கண்ணாடித் தட்டு. அடி உருண்ட வாணலியும் நடுவில் வளைந்த தோசைக்கல்லும் அதில் உட்காராது, சூடும் ஒழுங்காக ஏறாது. தரையில் வைத்தால் ஆடாத பாத்திரம் மட்டும் போகட்டும். குக்கருக்குள் டம்ளர், டம்ளருக்குள் கரண்டி, இடுக்கில் துணி என்று அடைத்தால் ஒரு குடும்பத்துக்கான எவர்சில்வர் இரண்டு பெட்டிக்குள் அடங்கும்.

இவ்வளவும் கழித்தால் 6 கன மீட்டர் 2-க்கு அருகே வந்துவிடும். ஆனால் கட்டணம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுங்கப் பத்திரம், டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் சீட்டு) போன்றவற்றின் செலவு, அளவு எதுவானாலும் மாறாது. அதனால் 1, 2, 6 கன மீட்டருக்குத் தனித்தனியாக விலை கேளுங்கள். அந்தத் தாளில் கனடா பக்கத்துத் துறைமுகக் கட்டணம், கிடங்குக் கட்டணம், டெலிவரி ஆர்டர் யார் தலையில் என்று எழுத்தில் இருக்கட்டும். குறைந்த விலை சொல்லும் பலர் இவற்றை அங்கே போய் உங்களிடம் வசூலிப்பார்கள். கன்டெய்னரைச் சுங்கத் துறை சோதனைக்கு எடுத்தால் அந்தச் செலவும் சரக்குக்குரியவருடையது.

என் முக்கியமான யோசனை: இப்போது எதையுமே கப்பலில் ஏற்றாதீர்கள். பட்டியலை மட்டும் எடுத்துப் போங்கள்.

முதல்முறை குடியேறுபவர் தான் ஏற்கெனவே வாங்கி, வைத்திருந்து, பயன்படுத்திய வீட்டுப் பொருட்களைக் கனடாவுக்குள் வரியில்லாமல் கொண்டுவரலாம். கையோடு வருவது ஒரு பட்டியல், பின்னால் வருவது இன்னொரு பட்டியல். ஒவ்வொரு பொருளுக்கும் உத்தேச மதிப்பு, பிராண்ட், மாடல், சீரியல் எண். பி.எஸ்.எஃப். 186 என்ற படிவம் இதற்குத்தான். பழைய பெயர் பி-4. டொரன்டோவில் இறங்கும் அன்றே சுங்க அதிகாரியிடம் இரண்டையும் கொடுத்து முத்திரையிட்ட நகலை வாங்கிவிடுங்கள். களைப்பில் பலர் இதை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். பிறகு பெட்டி வரும்போது வரிக் கேள்வி எழும். பின்னால் வருபவை பட்டியலில் இருந்தால், சில மாதம் கழித்து வந்தாலும் சலுகை உண்டு. பிரிக்காத புதுப் பெட்டிக்கு இந்தச் சலுகை பொருந்தாது. சலுகையில் வந்ததை 12 மாதத்துக்குள் விற்றாலோ யாருக்காவது கொடுத்தாலோ வரி கட்ட வேண்டும்.

ஆக, அனுப்பலாம் என்று தோன்றும் எல்லாவற்றையும் பட்டியலில் எழுதுங்கள். எழுதியதை அனுப்பியே ஆகவேண்டும் என்றில்லை. பெட்டிகள் மாமனார் வீட்டில் இருக்கட்டும். நிரந்தர வாடகை வீடு அமைந்த பிறகு, எது இல்லாமல் கஷ்டமாக இருந்ததோ அதை மட்டும் வரவழையுங்கள். ஜூலையிலேயே ஏற்றிவிட்டு, வீடு அமைவதற்குள் சரக்கு வந்து நின்றால், சில நாள் இலவசத்துக்குப் பிறகு கிடங்கு வாடகை ஓடத் தொடங்கும். உங்கள் சார்பில் மாமனார் அனுப்ப அதிகாரக் கடிதம், பாஸ்போர்ட் நகல், வேறு என்னென்ன வேண்டும் என்று சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். மிச்சமாகும் ரொக்கத்துக்கு வேலை இருக்கிறது: ஒன்டாரியோவில் முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முன்கூட்டியே கேட்பது வழக்கம்.

அதுவரை விமானப் பெட்டிகளே கப்பல். உங்கள் டிக்கெட்டில் தலைக்கு 23 கிலோவில் இரண்டு என்று இருந்தால் (கட்டண வகையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்) நால்வருக்கு 184 கிலோ. சூட்கேஸே 4, 5 கிலோ தின்னும்; உறுதியான அட்டைப் பெட்டி ஒரு கிலோவுக்குப் பக்கம்தான். நான்கைந்து பெட்டியை அட்டையாக்கினால் 15 கிலோ கூடுதலாகக் கிடைக்கும். மூன்று அளவும் கூட்டி 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். டேப் ஒட்டுங்கள், கயிறு கட்டிய பெட்டியைச் சில விமான நிலையங்களில் ஏற்பதில்லை. பட்டுப் புடவை இதில்தான் போக வேண்டும், கன்டெய்னருக்குள் வியர்த்து ஒழுகும் ஈரத்தில் அல்ல. நகையும் சான்றிதழ்களும் கைப்பையில். நகைகளை மதிப்பீட்டாளரின் விவரிப்போடும் புகைப்படத்தோடும் பட்டியலில் சேருங்கள்.

பிறகு கப்பலில் அனுப்பும்போது இன்ஷூரன்ஸை விடாதீர்கள். பெட்டியை நீங்களே கட்டினால் உள்ளே உடைந்ததற்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. பீங்கானை பேக்கர்ஸ் நிறுவனத்தின் ஆளே கட்டட்டும். ‘ஜெனரல் ஆவரேஜ்’ அடங்குமா என்றும் கேளுங்கள். கப்பலைக் காப்பாற்றிய செலவைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் பழைய கடல் வழக்கம் அது. 2018 மார்ச்சில் அரபிக் கடலில் தீப்பிடித்த மெர்ஸ்க் ஹோனம் கப்பலில், பெட்டியை விடுவிக்கச் சரக்கு மதிப்பில் 54 சதவீதத்துக்கு உத்தரவாதம் கேட்டார்கள். இன்ஷூரன்ஸ் இருந்தவர்களுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனமே அந்த உத்தரவாதத்தில் கையெழுத்துப் போட்டது. இல்லாதவர் ரொக்கம் கட்ட வேண்டியிருந்தது.

இங்கே விற்கும் கட்டில், வாஷிங் மெஷின், சோஃபாவுக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. அவை சொந்த உபயோகப் பொருட்கள். நகையை விற்றால் உண்டு.

குத்துவிளக்கின் வயதைப் பாட்டியிடமே கேளுங்கள். 100 ஆண்டைத் தாண்டியிருந்தால் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதை நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது. அதைவிடப் புதியது, ஆனால் பார்க்கப் பழசாகத் தெரிகிறது என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிய பிறகு பெட்டியில் வையுங்கள்.