லத்தியோடு நின்றவர்

கேள்வி: மும்பையில் 2008 தாக்குதல் பயங்கரவாதி கசாப்பைப் பிடிக்கும்போது உயிரை விட்ட போலீஸ்காரரின் பெயரை ஒரு சிலந்திக்கு வைத்திருக்கிறார்களாமே, இது மரியாதையா, கேலியா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மரியாதையேதான் அம்மா. புதிதாக ஓர் உயிரினத்தைக் கண்டுபிடிப்பவர்கள் தாங்கள் மதிக்கிறவர்களின் பெயரை அதற்கு வைப்பது வழக்கம். தாணே-கல்யாண் பகுதியில் கிடைத்த ஒரு குதிக்கும் சிலந்திக்கு 2021-இல் 'ஐசியஸ் துக்காராமி' என்று பெயரிட்டார்கள். இந்த வகைச் சிலந்தி வலை விரித்துக் காத்திருக்காது, இரையின் மேல் நேராகப் பாயும். அந்த வகையில் பொருத்தமான பெயர்தான்.

துக்காராம் ஓம்ப்ளே சாத்தாரா மாவட்டத்துக்காரர். ராணுவத்தில் இருந்துவிட்டு மும்பை போலீசுக்கு வந்தவர். பதவி உதவி சப்-இன்ஸ்பெக்டர். 2008 நவம்பர் 26 நள்ளிரவில், கடத்திய ஸ்கோடா காரில் கசாப்பும் அவன் கூட்டாளி இஸ்மாயிலும் வந்தபோது கிர்காவ் சௌபாட்டியில் தடுப்பு போட்டு நின்ற போலீசாரில் அவரும் ஒருவர். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியக்கூடாதென்று ஹெட்லைட்டை முழுசாக எரியவிட்டு, முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சி வைப்பரையும் ஓடவிட்டிருக்கிறார்கள். வண்டியைத் திருப்பப் பார்த்தார்கள், நடுத்தடுப்பில் மோதி நின்றுவிட்டது. இஸ்மாயிலைச் சுட்டு வீழ்த்தினார்கள். இந்தப் பக்கம் கசாப்பின் ஏ.கே.47 குழலை ஓம்ப்ளே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவரிடம் இருந்தது ஒரு லத்தி, அவ்வளவுதான்! குண்டுகள் உடம்பில் பாய்ந்தும் அவர் பிடியை விடாததால் பின்னால் நின்றவர்கள் உயிர் தப்பினார்கள், கசாப்பும் உயிரோடு சிக்கினான்.

உயிரோடு சிக்கியது சாதாரண விஷயம் இல்லை. அவன் எங்கள் ஆள் இல்லை என்று முதலில் சாதித்த பாகிஸ்தான், 2009 ஜனவரியில் எங்கள் நாட்டவன்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அதே மாதம் ஓம்ப்ளேவுக்கு, அமைதிக் காலத்தின் உயரிய வீர விருதான அசோக சக்ரா அறிவித்தார்கள். அதெல்லாம் சரி, ஏ.கே.47 வைத்திருப்பவனை மறிக்கப் போகிறவர் கையில் ஏன் வெறும் லத்தி? எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது. சிலை, பதக்கம் எல்லாம் அப்புறம்.

கேள்வி: அக்டோபர் 21-ஐ ஏன் காவலர் வீரவணக்க நாள் என்கிறார்கள்?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: 1959-இல் அந்த நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில், காணாமல் போன சகாக்களைத் தேடிப் போன போலீசார் மீது சீனப் படையினர் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். அப்போது அந்த எல்லையைக் காத்தது ராணுவம் இல்லை, போலீஸ் என்பது பலருக்குத் தெரியாது. சென்னையில் மெரினா எதிரே டி.ஜி.பி. அலுவலக வளாகத்தில் உள்ள நினைவுச்சின்னத்தில் ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறார்கள். டெல்லி சாணக்யபுரியில் 2018-இல் திறந்த தேசிய நினைவிடத்தின் சுவரில் 34,000-க்கும் அதிகமான பெயர்கள் இருக்கின்றன. டெல்லி டூர் போகிறவர்கள் குதுப்மினாரோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.